‘வருஷத்தோட பெஸ்ட் கோல்’ எது? - புஸ்காஸ் விருதின் கதையும், கேமரா பார்க்காத கோல்களும்

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டினால் தாமல் வரும். ஊர் பெயரைச் சொன்னதும் பலருக்கும் ஞாபகம் வருவது அதன் ஏரி. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று அது.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சாயங்காலம் பசங்க சேர்ந்தால் பெரும்பாலும் கிரிக்கெட்தான். ஆனால், எங்கிருந்தாவது ஒரு ஃபுட்பால் வந்துவிட்டால் போதும். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு செங்கல் வைத்தால் கோல்போஸ்ட் ரெடி. அப்படி ஒரு கிரவுண்டில் ஒரு பையன், கோலுக்கு முதுகைக் காட்டியபடி எகிறி, பந்தைத் தலைக்கு மேலே உதைத்து கோல் அடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அன்று ராத்திரி டீக்கடையில் அதே பேச்சாக இருக்கும். பத்தடி தூரத்தில் அடித்த கோல் மறுநாள் இருபதடி ஆகும். ஒரு வாரத்தில் முப்பதடி ஆகும். யாரும் மறுக்க முடியாது. வீடியோ இல்லையே!

சிரிக்க வேண்டாம். இதே பிரச்னை பீலேவுக்கும் இருந்தது.

கல்வெட்டு வாங்கிய கோல்

1961 மார்ச் 5. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா ஸ்டேடியம். சான்டோஸ் அணிக்கும் ஃப்ளூமினென்ஸ் அணிக்கும் மேட்ச். தன் அணியின் பெனால்டி பாக்ஸ் பக்கத்தில் பந்தை வாங்கிய பீலே, எதிரில் வந்தவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி ஓடி, கடைசியில் கோல்கீப்பரையும் ஏமாற்றி கோல் அடித்தார். எதிரணி ரசிகர்களும் எழுந்து கைதட்டினார்கள் என்பார்கள்.

அந்த கோலின் வீடியோ கிடையாது. ஜோயல்மிர் பெட்டிங் என்ற இளம் பத்திரிகையாளருக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. ‘இதை மறக்கக் கூடாது, ஸ்டேடியத்திலேயே ஒரு நினைவுப் பலகை வைத்துவிடலாம்’ என்றார். அவர் வேலை பார்த்த பத்திரிகையும் ஒத்துக்கொண்டது. சில நாட்களில் மரக்கானாவில் வெண்கலப் பலகை ஏறியது. இன்றைக்கும் பிரேசிலில் ஒரு அட்டகாசமான கோலை ‘பலகை வைக்க வேண்டிய கோல்’ என்றுதான் சொல்கிறார்கள்.

‘சிறந்த கோல்’ என்று தனியாக ஒரு கோலுக்குக் கிடைத்த மரியாதைகளில் இது மிகப் பழையவற்றில் ஒன்று. அதைப் பார்த்தவர்கள் ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அது வெறும் கதை. பீலே தன் வாழ்க்கையின் மிக அழகான கோல் என்று சொன்ன 1959-ம் ஆண்டு கோலுக்கும் வீடியோ இல்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு டாக்குமென்டரி படத்துக்காகக் கம்ப்யூட்டர் அனிமேஷனில் அதைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது.

தபால் கார்டில் வந்த ஓட்டு

நிலைமையை மாற்றியது டி.வி. இங்கிலாந்தின் பிபிசி, தன் ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சியில் 1970-71 சீசனில் இருந்து ‘சீசனின் சிறந்த கோல்’ விருதைக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் ஜெயித்தது கவென்ட்ரி சிட்டியின் எர்னி ஹன்ட். அந்த கோல் விழுந்த விதம் இன்று பார்த்தாலும் சிரிப்பு வரும். ஃப்ரீ கிக் எடுக்க வந்த வில்லி கார், பந்தை ரெண்டு குதிகாலுக்கும் நடுவில் இடுக்கி, கழுதை பின்னங்காலால் உதைப்பதுபோல் மேலே எத்திவிட்டார். அது கீழே விழுவதற்குள் ஹன்ட் ஓங்கி உதைத்தார். கோல்!

விருது கிடைத்தது. ஆனால், ‘ஒரே ஆள் பந்தை ரெண்டு முறை தொட்ட கணக்கு’ என்று சொல்லி அந்த டெக்னிக்கையே பிறகு தடை செய்துவிட்டார்கள்.

அதே நேரத்தில், 1971 மார்ச் மாதம் ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சி ‘மாதத்தின் சிறந்த கோல்’ போட்டியை ஆரம்பித்தது. நேயர்கள் தபால் கார்டில் தங்கள் ஓட்டை எழுதி அனுப்ப வேண்டும். நம்ம ஊரில் ‘விருப்பப் பாடல்’ கேட்டு ரேடியோவுக்குக் கார்டு போட்ட அதே காலம்தான்.

இந்த ஜெர்மன் விருதில் ஒரு முக்கியமான பெயர் உண்டு: பெர்பெல் வோல்லெபென். ஜெர்மனியின் கால்பந்து சங்கம் 1955-ல் இருந்து 1970 வரை பெண்கள் கால்பந்துக்குத் தடை போட்டிருந்தது. தடை நீங்கி நாலே வருஷத்தில், 1974-ல் முதல் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப் நடந்தது. அதன் இறுதிப் போட்டியில் வோல்லெபென் அடித்த கோலை ‘மாதத்தின் சிறந்த கோல்’ என்று நேயர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்த விருதை வென்ற முதல் பெண் அவர். அதுவரை, பெண்கள் விளையாடுவதைப் பார்க்கவே ஆள் வர மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேமரா காட்டியதும் ஓட்டு விழுந்தது.

புஸ்காஸ் வந்த கதை

2002 உலகக் கோப்பைக்கு முன்பு ஃபிஃபா தன் இணையதளத்தில் ‘நூற்றாண்டின் சிறந்த கோல்’ எது என்று ஓட்டு கேட்டது. 1986-ல் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அடித்த இரண்டாவது கோல் ஜெயித்தது. அதற்குக் கிடைத்த ஓட்டு எவ்வளவு தெரியுமா? 18,062. இன்று சுமாரான ஒரு யூடியூப் வீடியோவுக்கே அதைவிட அதிக லைக் விழும். அன்று இன்டர்நெட் அவ்வளவு பேரிடம்தான் போயிருந்தது.

2009-ல் ஃபிஃபா இதை ஆண்டுதோறும் தரும் விருதாக மாற்றியது. பெயர், ஃபிஃபா புஸ்காஸ் விருது. ஃபெரென்ஸ் புஸ்காஸ் (1927-2006) ஹங்கேரிக்காக 85 மேட்ச்களில் 84 கோல் அடித்தவர். 1953-ல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று ஹங்கேரி அடித்து நொறுக்கியபோது, காலடியில் பந்தைப் பின்னால் இழுத்து டிஃபெண்டரை வெறும் காற்றில் சறுக்கவிட்டு அவர் அடித்த கோல் இன்றும் பாடம்.

விருதுக்கான அடிப்படை நிபந்தனைகள் எளிமையானவை. கோல் அழகாக இருக்க வேண்டும். தற்செயலாகப் பட்டு உள்ளே போனதாக இருக்கக் கூடாது. ஆட்டத்தின் நேர்மைக்கு விரோதமாக இருக்கக் கூடாது. 2023 வரை ஆணா பெண்ணா என்ற பேதமும் கிடையாது; எந்த நாடு, எந்த லீக் என்ற பேதமும் கிடையாது.

கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். காகிதத்தில், உலகத்தின் எந்த மூலையில் விழுந்த கோலும் இந்தப் போட்டிக்கு வரலாம். நிஜத்தில் வந்ததா?

ரொனால்டோவில் இருந்து ரோச் வரை

முதல் விருது 2009-ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்கு. சாம்பியன்ஸ் லீக்கில் போர்ட்டோவுக்கு எதிராகச் சுமார் 40 கெஜ தூரத்தில் இருந்து அடித்த கோல். 2011-ல் நெய்மர். 2013-ல் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச். எல்லாம் பெரிய மேடை, பெரிய பெயர்கள், ஏகப்பட்ட கேமராக்கள்.

2014 பட்டியலில்தான் அந்த வரிசை ஆடியது. அயர்லாந்தின் பெண்கள் லீக்கில் பீமவுன்ட் யுனைடெட் அணிக்கு ஆடிய ஸ்டெஃபனி ரோச், கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி வந்த பந்தை ஒரு காலில் நிறுத்தி, அதே துள்ளலில் டிஃபெண்டரின் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, திரும்பி இன்னொரு காலால் நேராக கோலுக்குள் அடித்தார். மைதானத்தில் இருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஒற்றை கேமராவில் பதிவான அந்தக் காட்சி யூடியூபில் பரவி, உலகம் முழுக்கப் போனது.

முடிவில் உலகக் கோப்பை கோலுக்காக கொலம்பியாவின் ஹாமெஸ் ரோட்ரிகஸ் 42 சதவீத ஓட்டுகளுடன் விருதை வாங்கினார். 33 சதவீதத்துடன் இரண்டாம் இடம் ரோச்சுக்கு. உலகக் கோப்பை கோல் அடித்த ராபின் வான் பெர்சிக்கு மூன்றாம் இடம்தான்.

அடுத்த வருஷம் அதைவிடப் பெரிய ஆச்சரியம். பிரேசிலின் கோயாஸ் மாநில லீக்கில், கோயானேசியா என்ற சின்ன கிளப்புக்காக வென்டெல் லிரா அடித்த பைசிக்கிள் கிக், மெஸ்ஸியின் கோலைத் தோற்கடித்தது. 46.7 சதவீதத்துக்கு எதிராக 33.3. ஆனால் விருது வாங்கிய அதே 2016-ல், காயங்களால் ஓய்ந்துபோன லிரா தன் 27 வயதில் ஆட்டத்தையே விட்டுவிட்டு வீடியோ கேம் பக்கம் போய்விட்டார். ஒரு கோல் உலகப் புகழ் தரலாம். மாதச் சம்பளம் தருமா என்பது வேறு கேள்வி.

பினாங்கில் இருந்து ஜூரிச்சுக்கு

ஆசியாவுக்கு இந்த விருதைக் கொண்டுவந்தவர் ஒரு மலேசியர். 2016 பிப்ரவரி 16 அன்று பகாங் அணிக்கு எதிராக பினாங்கு அணியின் முகமது ஃபைஸ் சுப்ரி ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். பந்து ஒரு பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, நடு வானத்தில் மனசு மாறியதுபோல் மறுபக்கம் வளைந்து வலைக்குள் இறங்கியது. கோல்கீப்பர் நகர்ந்த பக்கம் ஒன்று, பந்து போன பக்கம் வேறு.

‘அது எப்படிப்பா வளையும்?’ என்று கேட்டால், காரணம் காற்று. நிறையச் சுழலும் பந்து ஒரே பக்கமாகச் சீராக வளையும். மிகக் குறைவாகச் சுழலும் பந்தைச் சுற்றிக் காற்று சமமாக ஓடாது. பந்தின் தையல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பந்து வழியிலேயே திசை மாற்றும். அடித்தவருக்கும் எந்தப் பக்கம் போகும் என்று முழுசாகத் தெரியாது.

2017 ஜனவரி 9 அன்று ஜூரிச் மேடையில் ஃபைஸுக்கு 59.46 சதவீத ஓட்டுடன் புஸ்காஸ் விருது கிடைத்தது. அதை வென்ற முதல் ஆசியர் அவர். மேடை ஏறியதும் பேச எழுதிவைத்திருந்ததைத் தேடி செல்போனைத் தடவியபடி அவர் பதறிய காட்சி, அந்த கோல் அளவுக்கே வைரல் ஆனது. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பினாங்கு அன்று உலகக் கால்பந்து செய்தியில் முதல் இடத்தில் இருந்தது. பிறகு 2020-ல் தென்கொரியாவின் சன் ஹியுங் மின் இதே விருதை வாங்கினார்.

ஓட்டு போடுறது யாரு?

ரசிகர் ஓட்டு என்றாலே ஒரு சிக்கல் உண்டு. யாருக்கு ஃபேன்ஸ் அதிகமோ, அவர்கள் பக்கம்தான் சாயும். 2018-ல் இது வெடித்தது. எவர்ட்டனுக்கு எதிரான முகமது சாலாவின் கோல் 38 சதவீத ஓட்டுகளுடன் ஜெயித்தது. சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் கேரத் பேல் அடித்த பைசிக்கிள் கிக்கும், யுவென்டஸுக்கு எதிராக ரொனால்டோ அடித்த பைசிக்கிள் கிக்கும் தோற்றன. ‘கோலுக்கு விருதா, ஆளுக்கு விருதா?’ என்று சோஷியல் மீடியா கொதித்தது.

2019-ல் விதி மாறியது. ரசிகர்கள் மூன்று கோல்களைத் தேர்ந்தெடுத்துத் தர, முன்னாள் நட்சத்திரங்கள் கொண்ட குழு அதிலிருந்து ஒன்றை எடுத்தது. அந்த வருஷம் மெஸ்ஸியைத் தாண்டி, ஹங்கேரியின் டெப்ரெசென் அணிக்காக 18 வயதில் கோல் அடித்த டேனியல் ஜோரி விருது வாங்கினார். பிறகு இன்னும் மாறி, ரசிகர் ஓட்டுக்குப் பாதி, முன்னாள் நட்சத்திரங்கள் ஓட்டுக்குப் பாதி மதிப்பு என்று ஆனது.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சண்டை புதுசு இல்லை. சுமார் 1,100 வருஷங்களுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூரில் ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுத்தது குடவோலை முறையில். முதலில் யாருக்குத் தகுதி உண்டு என்று வயது, நிலம், கல்வி எல்லாம் பார்த்து வடிகட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். புஸ்காஸிலும் முதலில் வடிகட்டல்தான் நடக்கிறது. ஃபிஃபாவின் நிபுணர்கள் பத்துப் பதினோரு கோல்களைத் தேர்ந்தெடுத்துத் தருகிறார்கள். அதிலிருந்துதான் நீங்கள் ஓட்டு போட முடியும். எந்தப் பெயர் ஓலையிலேயே ஏறவில்லையோ, அது குடத்தில் இருந்து வெளியே வரப்போவதில்லை.

15 வருஷம், ஒரு பெண்கூட இல்லை

‘ஆண், பெண் பேதம் இல்லை’ என்று சொன்ன விருது, 2009-ல் இருந்து 2023 வரை 15 முறை கொடுக்கப்பட்டது. பெண்கள் பட்டியலுக்கு வந்தார்கள், இறுதி மூன்றிலும் வந்தார்கள். ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. 2024-ல்தான் பெண்களுக்கென்று தனியாக மார்தா விருது வந்தது. பிரேசிலின் மார்தா பெயரில் அமைந்த அந்த விருதை முதல்முறை வாங்கியவர், ஜமைக்காவுக்கு எதிரான கோலுக்காக, மார்தாவேதான்!

புஸ்காஸ் விருது சரியான இடத்துக்குப் போன வருஷங்களும் உண்டு. 2022-ம் ஆண்டுக்கான விருதை வென்றவர் போலந்தின் மார்ச்சின் ஒலெக்ஸி. சாலைப் பணியில் இருந்தபோது நடந்த விபத்தில் ஒரு காலை இழந்தவர். ரெண்டு ஊன்றுகோல்களை ஊன்றி எழும்பி, இருக்கும் ஒரே காலால் பைசிக்கிள் கிக் அடித்தார். பயேட், ரிச்சர்லிசன் இருவரையும் தாண்டி அவருக்கு விருது கிடைத்தது. கால் இழந்தவர்கள் ஆடும் கால்பந்து என்று ஒன்று இருப்பதே அன்றுதான் பலருக்கும் தெரியவந்தது.

நம்ம கோல்கள் எங்கே?

1960 ரோம் ஒலிம்பிக்ஸ். பெருவிடம் இந்தியா 1-3 என்று தோற்ற மேட்ச். இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் தஞ்சாவூரில் பிறந்த சைமன் சுந்தர்ராஜ். அதன் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்ஸுக்கே போகவில்லை. அதாவது, ஒலிம்பிக்ஸில் இந்தியா அடித்த கடைசி கோல் ஒரு தமிழருடையது. இதே சுந்தர்ராஜ் பிறகு பயிற்சியாளராகி, 1973-ல் கேரளத்துக்கு அதன் முதல் சந்தோஷ் டிராபியை வாங்கிக் கொடுத்தார். கேரளத்தில் அவர் பெயர் தெரியும். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சிங்கப்பூர் தமிழர் வி.சுந்தரமூர்த்தி 1993-ல் புருனேவுக்கு எதிராக அடித்த பைசிக்கிள் கிக்கை அந்த ஊர் ரசிகர்கள் இன்றும் விடாமல் பேசுகிறார்கள். அதற்குக் காரணம், அந்த ஊர் டி.வி. அந்த மேட்ச்களைக் காட்டியது. வீட்டுக்கு வீடு பார்த்தார்கள்.

2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை. கொல்கத்தா டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர், பந்தை வளைத்து அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. நாலரை வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த டெர்பி வெற்றி. அந்த கோலை நீங்கள் இப்போதே போனில் தேடிப் பார்க்கலாம். ஐ.எஸ்.எல். வந்த பிறகு ‘வாரத்தின் சிறந்த கோல்’ என்று ரசிகர் ஓட்டும் நடந்தது. டி.வி.யில் வரும் மேட்ச் வரைக்கும் இந்தியாவிலும் பிரச்னை இல்லை.

அதற்குக் கீழேதான் இருட்டு. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். இறுதிப் போட்டியில் முதல் முறை மணிப்பூரையும், அடுத்த முறை ஹரியானாவையும் 2-1 என்று வென்றார்கள். அந்த நாலு கோல்களில் ஒன்றையாவது பார்த்தவர்கள் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எத்தனை பேர்? மாவட்ட லீக், பள்ளி, கல்லூரி மேட்ச்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அங்கே நல்ல கோல் விழுந்தால், பார்த்த ஐம்பது பேரோடு அது முடிந்துவிடும்.

இதில் இழப்பது பெருமை மட்டுமில்லை. ஒரு வீடியோ கிளிப் என்பது இன்று ஒரு பிளேயரின் பயோடேட்டா மாதிரி. டிரயலுக்குக் கூப்பிடுவதற்கு முன் கோச் கேட்பது அதைத்தான். ஸ்டெஃபனி ரோச் அந்த கோலுக்குப் பிறகு பிரான்ஸ், அமெரிக்க கிளப்களில் ஆடினார். பதிவு செய்த அந்த ஒரு கேமரா இல்லாவிட்டால், டப்ளின் பக்கத்தில் நூறு பேர் பார்த்த கதையாகவே அது நின்றிருக்கும்.

ஒரு போன் போதும்

1961-ல் ஒரு கோலைக் காப்பாற்ற வெண்கலப் பலகை வேண்டியிருந்தது. 1971-ல் டி.வி. நிலையமும் தபால் கார்டும் வேண்டியிருந்தது. இன்று தேவைப்படுவது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரமான இடத்தில், படுக்கைவாட்டில் பிடித்த ஒரு செல்போன். மேட்ச் முழுக்க ஓட விடுங்கள். கூடவே தேதி, அணி, பிளேயர் பெயர் எழுதி யூடியூபில் போட்டு வையுங்கள்.

மாவட்ட லீக் நடத்தும் சங்கங்கள் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். மேட்சுக்கு ரெஃப்ரி இருப்பதுபோல், பதிவு செய்ய ஒருவர். சீசன் முடிவில் அந்த வீடியோக்களில் இருந்து பத்து கோலை எடுத்துப் போட்டு, ஊர்க்காரர்களையே ஓட்டு போடச் சொல்லலாம். பரிசு ஒரு சின்ன கப்பாக இருந்தாலும் போதும்.

செங்கல் வைத்து ஆடும் மேட்சை ஃபிஃபா எடுத்துக்கொள்ளாது, உண்மைதான். ஆனால் தாமலில் ஆடும் பையனோ பொண்ணோ நாளைக்கு மாவட்ட அணிக்குப் போகும்போது, காட்டுவதற்குக் கையில் ஒரு கிளிப் இருக்கும். டீக்கடையில் அந்தப் பத்தடி முப்பதடி ஆகாது, அவ்வளவுதான். பத்தடியே போதுமான அளவு நல்ல கோலாக இருக்கலாம்.